பொறி: கார் ரேடியோ இரைச்சலின் கதை

தமிழில் ‘பொறி’ என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. நெருப்பிலிருந்து தெறித்து விழுவது பொறி. இயந்திரமும் பொறி, அதைக் கட்டுபவரைப் பொறியாளர் என்கிறோம். கண், காது முதலான புலன்வாயில்களும் பொறிகளே. ‘ஐம்பொறி’ நமக்குப் பழகிய சொல். இந்த மூன்று பொருள்களும் அருகருகே வந்து அமர்ந்து ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அது பெட்ரோலில் ஓடும் காரின் முன்பகுதி. அங்கே ஓர் இயந்திரம் இருக்கிறது. அதை உயிர்ப்பிக்கும் தீப்பொறி இருக்கிறது. அத்தீப்பொறியின் ஓசையை ஒன்றுவிடாமல் கேட்டுவிடும் காதாக ஒரு வானொலிப்பெட்டியும் இருக்கிறது.

‘கார் ரேடியோ சரியாக எடுக்கவில்லை, ஒரே கரகரப்பு’ என்பது வானொலி காருக்குள் ஏறிய நாள் முதலே இருந்துவரும் புகார். புகார் சொல்பவர் பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணுகிறார். பெரும்பாலான வேளைகளில் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. அது நன்றாகவே கேட்கிறது. நாம் கேட்க விரும்பாததையும் சேர்த்துக் கேட்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒலிபரப்பு நிலையத்தைவிட, ஒரு மீட்டர் தொலைவில் பானட்டுக்கு அடியில் இருக்கும் நிலையம் அதற்கு மிக நெருக்கமானது. ஆகவே பழுது பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘பெட்டிக்கு என்ன?’ என்பதன்று. ‘இது யாருடைய குரல்?’ என்பதே. இந்தக் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றினூடே இன்னொரு கேள்வியும் ஒளிந்து வருகிறது: இரைச்சலை அடக்கவேண்டிய கடமை யாருடையது? போடுபவருடையதா, கேட்பவருடையதா?

*

காரும் வானொலியும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் பிறந்தவை. ஜெர்மனியின் தென்மேற்கில் அன்று பாடன் என்றொரு சிறு அரசு இருந்தது. அதன் தலைநகர் கார்ல்ஸ்ரூ. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1864-இல் வெளிவந்தவர் கார்ல் பென்ஸ். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் வடக்கே மன்ஹைம் நகரில் பட்டறை வைத்திருந்த அவர், 1886 ஜனவரி 29-ஆம் நாள் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அதே ஆண்டின் பிற்பகுதியில், பென்ஸ் படித்த அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ், பின்னாளில் வானொலிக்கு அடித்தளமான சோதனைகளைத் தொடங்கினார்.

இருவருடைய மேசையிலும் ஒரே கருவி இருந்தது: தூண்டுசுருள். பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தத்தைச் சட்டென்று துண்டிப்பதன் மூலம் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, இரு உலோக முனைகளுக்கிடையே பொறி பறக்கச் செய்யும் கருவி அது. பென்ஸுக்கு அந்தப் பொறி எரிபொருளைப் பற்றவைக்கத் தேவைப்பட்டது. மாக்ஸ்வெல் கணக்கில் கண்ட மின்காந்த அலைகளை உண்மையாகவே எழுப்பிக் காட்ட ஹெர்ட்ஸுக்கு அதே பொறி தேவைப்பட்டது. அறையின் ஒரு பக்கம் பெரிய பொறி; மறுபக்கம் ஒரு கம்பி வளையத்தின் சிறு இடைவெளியில், இருட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒரு நுண்பொறி. முதல் வானொலி நிலையமும் முதல் வானொலிப்பெட்டியும் இவைதாம்.

1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். அவர் சென்ற வழியாக இன்று நினைவுகூரப்படும் பாதை கார்ல்ஸ்ரூவின் கிழக்கு விளிம்பை ஒட்டிச் செல்கிறது. ஹெர்ட்ஸ் அப்போது அந்நகரில்தான் பணியாற்றிவந்தார். அவருடைய வளையம் ஓர் அறையின் தொலைவுக்கு மேல் கேட்கும் திறனற்றது. ஆதலால் வண்டியின் முணுமுணுப்பு அதில் விழுந்திருக்க வழியில்லை. ஆயினும் உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம், கார் எழுப்பும் அலைகளைக் கண்டறிய முதன்முதலில் வழிசெய்தவரின் ஊரைத் தொட்டுப் போயிற்று என்பது, வரலாறு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சிரிப்புப்போல இருக்கிறது. இன்று வானொலியின் அலைவரிசை அளக்கப்படும் அலகு ஹெர்ட்ஸின் பெயரைத் தாங்குகிறது. காரின் முகப்பில் பென்ஸின் பெயர் நிற்கிறது.

அடுத்த முப்பது ஆண்டுகளும் வானொலி என்றால் பொறிதான். மார்க்கோனியின் தொடக்ககால நிலையங்களும் கப்பல்களின் தந்திக் கருவிகளும் பொறியால் பேசின. அமெரிக்காவில் ஃபோர்டின் டி-மாடல் கார் 1908-இல் வந்தபோது, அதன் எரியூட்டலுக்கென மரப்பெட்டியில் அடைத்த நடுங்குசுருள்கள் இருந்தன. வானொலிப் பித்துப்பிடித்த இளைஞர்கள் அந்தச் சுருள்களைக் கழற்றித் தங்கள் வீட்டு அனுப்பிகளில் பொருத்திக்கொண்டார்கள். காரின் உறுப்பே வானொலி நிலையமாயிற்று. அதாவது, டி-மாடல் கார் ஒவ்வொன்றும் தெருவில் ஓடும் ஒரு தந்தி அனுப்பி. செய்தி மட்டும் இல்லை.

பொறி அனுப்பிகளின் குறை, அவை எல்லா அலைவரிசைகளிலும் ஒரே சமயத்தில் கத்துவது. ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது. வெற்றிடக் குழல்கள் ஒற்றை அலைவரிசையில் சீராகப் பேசக் கற்றபின், 1927-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பொறி அனுப்பிகளைப் படிப்படியாக ஒழிக்க முடிவெடுத்தது. வான்வெளியிலிருந்து தந்திப் பொறி விடைபெற்றது. தெருவில் அதன் உடன்பிறப்போ இலட்சக்கணக்கில் பெருகிக்கொண்டிருந்தது.

*

இந்தப் பின்னணியில்தான் 1930-இல் சிகாகோவின் பால் கால்வின், காருக்குள் வானொலியைப் பொருத்திக் காட்டப் புறப்பட்டார். 1928-இல் தம்பி ஜோசப்போடு அவர் தொடங்கிய சிறு நிறுவனம் 1929-இன் பொருளாதார வீழ்ச்சியில் தடுமாறிக்கொண்டிருந்தது. வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகிய இளைஞர்களின் துணையோடு தம் காரிலேயே ஒரு பெட்டியைப் பொருத்தினார். அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு அதை ஓட்டிச் சென்றார். உள்ளே கடைபோட அவருக்கு இடமில்லை. வாசலருகே காரை நிறுத்தி, வருவோர் போவோர் காதில் விழும்படி வானொலியைப் பாடவிட்டார். ‘மோட்டோரோலா’ என்று அவர் அதற்குச் சூட்டிய பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று.

காரில் வானொலி பொருத்துவது கடினமாக இருந்ததற்குக் காரணம் இடமின்மையோ குலுக்கலோ மட்டுமல்ல. இயந்திரம் நிற்கும்போது பாடும் பெட்டி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வெறும் படபடப்பாகிவிடும் என்பதே பெரிய தடை. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது நொடிக்கு நூறு பொறிகள் பறக்கின்றன. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது நொடிக்கு இருபத்தைந்து. ஸ்பார்க் ப்ளக்குக்குச் செல்லும் கம்பி, பொறி எழுப்பும் அலைக்கு ஆன்டெனாவாகிவிடுகிறது.

அக்காலத்துத் தீர்வு எளிய ஓர் எண்ணத்தில் பிறந்தது. பொறிக்கு வேண்டியது மின்னழுத்தம். அதிக மின்னோட்டம் அன்று. ஆகவே ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுக்கம்பியிலும் பத்தாயிரம் ஓம் அளவிலான கரித்தடை ஒன்றைச் செருகினால், எரிபொருள் பற்றிக்கொள்ளும். அலை மட்டும் மடிந்துபோகும். ஜெனரேட்டரின் தூரிகைகள் சிந்தும் சிறு பொறிகளை விழுங்க ஒரு கண்டென்சர். பெட்டிக்கு இரும்புக் கூடு. பானட்டையும் உடற்சட்டத்தையும் இணைக்கப் பின்னல் கம்பி. இவற்றையெல்லாம் பொருத்துவது ஒருநாள் முழுதும் பிடிக்கும் வேலை. தொடக்கத்தில் வானொலிக்கெனத் தனியே கனத்த உயரழுத்தப் பேட்டரிகளையும் தரைக்கடியில் வைக்க வேண்டியிருந்தது. அவற்றைத் தவிர்க்க 1930-களில் வந்த ‘வைப்ரேட்டர்’, மின்னோட்டத்தை நொடிக்கு நூறு முறைக்குமேல் வெட்டி வெட்டி மின்னழுத்தத்தை உயர்த்தியது. அதாவது, இரைச்சலுக்கு எதிரான போரில் ஈடுபட்டிருந்த பெட்டிக்குள்ளேயே இன்னொரு நடுங்குசுருள் வந்து குடியேறியது. அதற்கும் ஓர் இரும்புக் கூடு போட்டார்கள்.

ஐரோப்பாவில் முதல் கார் வானொலி 1932-இல் ஜெர்மனியில் ஒரு ஸ்டூட்பேக்கர் காரில் ஏறியது. ப்ளாவ்புங்க்ட் பெயரில் வந்த அந்த ஏ.எஸ்.5 பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ பத்து லிட்டர். விலை 465 மார்க். ஓட்டுநரின் காலருகே வைக்க முடியாத அளவு பெரியது என்பதால், ஸ்டியரிங் தண்டில் ஒரு சிறு திருகு வைத்து அதை இயக்கினார்கள்.

ஆன்டெனாவுக்கும் தனிக் கதை உண்டு. அன்றைய கார்களின் கூரை நடுவில் துணியும் மரச்சட்டமுமாக இருந்தது. அதற்குள் கம்பிவலையைப் பொதிந்து ஆன்டெனாவாக்கினார்கள். கோழிக்கூண்டு வலையே போதுமாக இருந்தது. 1935-ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. கூரையே இரும்பானால் அதற்கடியில் இருக்கும் வலைக்கு எதுவும் கேட்காது. ஆன்டெனா முதலில் படிப்பலகைக்கு அடியில் ஒளிந்தது. பிறகு நாமெல்லாம் அறிந்த கம்பியாக வெளியே தலைநீட்டியது.

*

இந்த ஆண்டுகளில்தான் ‘குரல் யாருடையது’ என்று கண்டறியும் முறை பட்டறைகளில் உருப்பெற்றது. நல்ல துப்பறியும் கதையைப்போல அது விலக்கி விலக்கிச் செல்லும் முறை. பெட்டியின் உள்ளுறுப்புகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. முறை மட்டும் மாறவில்லை.

முதலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வானொலியை மட்டும் பாடவிட வேண்டும். இப்போதும் கரகரப்பு இருந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான்: மின்கம்பியோ, இடியோ, பக்கத்துக் கடையின் விளக்கோ. காரை வேறிடத்துக்கு நகர்த்தினால் அது தெரிந்துவிடும். கரகரப்பு இல்லை, ஒலியே மெலிந்திருக்கிறது என்றால் ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். ஆன்டெனா தனியாகக் கேட்பதில்லை. காரின் உடலே அதன் மறுபாதி. அடிப்பாகம் உடலைத் தொடுமிடத்தில் துரு ஏறினால் பாதி செவிடாகிவிடும். கண்ணாடியில் பதித்த ஆன்டெனா உள்ள பிற்காலக் கார்களில் அதற்கென ஒரு சிறு பெருக்கி இருக்கும். அதற்கு மின்சாரம் வராவிட்டாலும் இதே நிலைதான்.

அடுத்து இயந்திரத்தை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து விரையும் ‘டிக் டிக்’ ஓசை பொறியினுடையது. வேகத்தோடு சுருதி ஏறும் சிணுங்கல் ஆல்டர்னேட்டருடையது. பன்னிரண்டு துருவங்கள் கொண்ட வழக்கமான ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு முப்பத்தாறு சிற்றலைகளை எழுப்புகிறது; நொடிக்கு ஐம்பது சுற்று என்றால் 1800. அதனால்தான் அது இசைக்கருவிபோல ஒலிக்கிறது. ஒலியளவைக் குறைத்தாலும் இந்தச் சிணுங்கல் குறையவில்லையெனில், அது ஒலியளவுத் திருகைத் தாண்டிய இடத்தில் உள்ளே புகுகிறது என்று பொருள்.

மூன்றாவது கேள்வியே தீர்ப்பை முடிவுசெய்வது. ஆன்டெனாக் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இரைச்சல் அடங்கினால் அது காற்றின் வழியே வந்தது. மருந்து, பொறியின் பக்கத்தில் தடையும் பின்னல் கம்பியும். அடங்காவிட்டால் அது மின்கம்பி வழியே வந்தது. மருந்து, பெட்டிக்கு மின்சாரம் வரும் பாதையில் கண்டென்சரும் சுருளும். பகைவன் வாசல் வழி வந்தானா, கொல்லை வழி வந்தானா என்று தெரியாமல் கதவடைத்துப் பயனில்லை.

சில குரல்கள் விநோதமானவை. உலர்ந்த சாலையில் ஓடும்போது மட்டும் வந்து, மழையில் மறைந்துபோகும் இரைச்சல் ஒன்று உண்டு. பிரேக்கை இலேசாகத் தொட்டாலும் அது நின்றுவிடும். தார்ச்சாலையில் உருளும் டயர்கள் நிலைமின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவிலுள்ள மசகு அதை வடியவிடாமல் தடுக்கிறது. தாங்க முடியாதபோது அங்கே சிறு மின்னல் வெட்டுகிறது. இதற்காக முன்சக்கர மூடிக்குள் ஒரு சிறு வில்சுருளைப் பொருத்தினார்கள். வைப்பரும் எரிபொருள் பம்பும் திருப்ப விளக்கும்கூடத் தத்தம் தாளத்தில் பேசுபவையே. எங்கெல்லாம் மின்னோட்டம் சட்டென்று அறுபடுகிறதோ, அங்கெல்லாம் ஓர் அலை பிறக்கிறது. ஹெர்ட்ஸ் காட்டியதும் அதைத்தான்.

*

இரைச்சலை விரட்டியவர்கள் நடுவே, அதைத் தேடிப்போய்க் கேட்டவர்களும் இருந்தார்கள். முதல் உலகப் போரின் இறுதியில் அமெரிக்கப் படையின் அதிகாரியாகப் பாரிஸில் இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஓர் எண்ணம் தோன்றியது. குண்டுவீச வரும் விமானத்தின் இயந்திரமும் பொறியால் ஓடுவதுதானே? அந்தப் பொறிகள் எழுப்பும் அலையைக் கேட்டால், விமானம் வரும் திசை தெரிந்துவிடாதா? மிக உயர்ந்த அலைவரிசையில் இருந்த அந்த மெல்லிய ஓசையை அன்றைய குழல்களால் பெருக்க முடியவில்லை. ஆகவே அதைத் தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றிப் பிறகு பெருக்கும் வழியை 1918-இல் அவர் வகுத்தார். விமானங்களைக் கேட்கும் முன்பே போர் முடிந்துவிட்டது. எஞ்சி நின்றது ‘சூப்பர்ஹெட்டரோடைன்’ சுற்று. 1930-களின் நடுவிலிருந்து வந்த பெரும்பாலான வானொலிகளின் இதயம் அதுவே. எரியூட்டும் பொறியைக் கேட்பதற்கென்று எண்ணப்பட்ட ஒரு செவிதான் பின்னாளில் காருக்குள் ஏறி, அதே பொறியைக் கேட்டுவிட்டதற்காக வசைவாங்கியது.

அட்லாண்டிக்கைக் கடக்கும் தொலைபேசி அலைகளைக் குலைக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய, பெல் ஆய்வகம் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரை அமர்த்தியது. நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் அவர் அமைத்த முப்பது மீட்டர் நீள ஆன்டெனா, ஃபோர்டு டி-மாடல் காரின் சக்கரங்கள்மீது வட்டமாகச் சுழன்றது. அருகிலுள்ள இடி, தொலைவிலுள்ள இடி, இவை தவிர இன்னதென்று தெரியாத ஒரு மெல்லிய சீற்றம் என இரைச்சலை மூன்றாகப் பிரித்தார். மூன்றாவது சீற்றம் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. விண்மீன்கள் உதிக்கும் கணக்கும் அதுவே. 1933-இல் அவர் அறிவித்தபடி, அது நம் பால்வீதியின் மையத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ‘இது யாருடைய குரல்?’ என்று விலக்கி விலக்கிக் கேட்டுக்கொண்டே போனவருக்கு, விலக்க முடியாத கடைசிக் குரலாக வானமே கிடைத்தது.

அதைத் தொடர்ந்து கேட்க முன்வந்த க்ரோட் ரெபர், சிகாகோவின் புறநகரான வீட்டனில் 1937-இல் தம் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்பதரை மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்றைக் கட்டினார். கால்வினின் மோட்டோரோலாக்கள் உருவான அதே சிகாகோ வட்டாரம்தான். பகலில் தெருவில் போகும் கார்களின் பொறிகள் அவருடைய பதிவுத்தாளில் முட்களாகக் குத்தின. ஊர் உறங்கிய நள்ளிரவுக்குப் பின்னரே அவரால் விண்ணைக் கேட்க முடிந்தது. தம் காருக்குள் தடைகளைச் செருகி இன்னிசை கேட்டவர் ஒருவர். எவருடைய காரிலும் கைவைக்க முடியாமல் விடியும்வரை விழித்திருந்தவர் இன்னொருவர். நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது கேள்வி இங்கே கண்விழிக்கிறது. நம் இரைச்சலால் நமக்கு வரும் தொல்லையை நாம் தீர்த்துக்கொள்ளலாம். அடுத்தவருக்கு வரும் தொல்லையை யார் தீர்ப்பது?

*

இதற்குச் சட்டத்தின் வழியாக விடை தேடிய நாடுகளுள் ஒன்று பிரிட்டன். வானொலிக் குறுக்கீட்டுக்கான பன்னாட்டுக் குழு 1934-இல் பாரிஸில் கூடி அளவைமுறைகளைப் பேசத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவண்டிகள் பல இரைச்சலடக்கத்தோடு வந்தன. அவற்றின் பதிவெண்ணுக்குப் பின்னால் அதைக் குறிக்கும் ஓர் ‘எஸ்’ எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. பொதுமக்களின் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போருக்குப் பின் பிரிட்டனில் தொலைக்காட்சி பரவியபோது, தெருவில் ஒரு கார் போனால் வீட்டுத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரிந்தன. 1952-இல் வகுக்கப்பட்ட விதிகள், மறு ஆண்டு ஜூலை முதல் புதிய வண்டிகளின் எரியூட்டலில் இரைச்சலடக்கம் வேண்டுமென்றன. காரில் வானொலி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அந்த விதிக்குக் கவலையில்லை. அது காத்தது தெருவோர வீட்டில் அமர்ந்திருப்பவரை. போடுபவரே அடக்க வேண்டும் என்ற நெறி இவ்வாறு எழுத்தில் ஏறியது.

இன்னொரு வழியை ஆர்ம்ஸ்ட்ராங் கண்டார். இரைச்சல் என்பது பெரும்பாலும் அலையின் உயரத்தைக் குலைப்பது. செய்தியை அலையின் உயரத்தில் ஏற்றாமல், அது அதிரும் வேகத்தில் ஏற்றினால்? உயரத்தில் ஒட்டிவரும் குப்பையைச் சீவி எறிந்துவிடலாம். 1933 டிசம்பர் 26-இல் அவர் பெற்ற காப்புரிமைகளிலிருந்து பிறந்ததே நாம் பண்பலை என்னும் எஃப்.எம். 1935 நவம்பரில் நியூ யார்க்கில் பொறியாளர்கள் முன் அதைச் செய்து காட்டினார். வென்றது அவருடைய கருத்து, அவர் வெல்லவில்லை. 1945-இல் அமெரிக்க அரசு பண்பலைக்கான இடத்தையே மாற்றியதால் அதுவரை விற்ற பெட்டிகள் வீணாயின. காப்புரிமை வழக்குகள் அவரை உருக்குலைத்தன. 1954-இன் தொடக்கத்தில் தம் வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து உயிர்நீத்தார். அவருடைய மனைவி மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி ஒவ்வொன்றாக வென்றார். 1967-இல் முடிந்த கடைசி வழக்கின் எதிர்த்தரப்பு, கார் வானொலியால் பெயர்பெற்ற மோட்டோரோலா.

இந்தியாவில் பண்பலை முதலில் ஒலித்தது சென்னையில், 1977 ஜூலை 23-ஆம் நாள். வெப்பமண்டலத்தில் இடிமின்னல் மிகுதி. மத்திய அலையில் மாலைநேரக் கரகரப்போடு பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தெளிவின் அருமை தெரியும். ஆயினும் பண்பலைக்கும் குறை உண்டு. அதன் அலைநீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். கட்டடங்களில் பட்டுத் தெறித்து வெவ்வேறு வழிகளில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், சிக்னலில் நிற்கும் கார் ஓரடி முன்னே நகர்ந்தாலும் நிலையம் வந்து வந்து போகும். பல நூறு மீட்டர் அலைநீளம் கொண்ட மத்திய அலையோ கட்டடங்களைப் பொருட்படுத்தாது. மலைகளைத் தாண்டி, இரவில் பல நூறு கிலோமீட்டர் போகும். ஒன்றன் குறையே மற்றதன் நிறை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்ததன் கனம் விளங்கும்.

*

மின்கார்களில் ஸ்பார்க் ப்ளக் இல்லை. ஆகவே இரைச்சலும் ஒழிந்தது என்று எண்ணத் தோன்றும். நடந்தது நேர்மாறு. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர், பல நூறு வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகிறது. பொறி கண்ணுக்குத் தெரிவதில்லை. சட்டென்று அறுபடும் மின்னோட்டம் அதேதான். அதன் மடங்கலைகள் சரியாக மத்திய அலை வரிசையில் வந்து விழுகின்றன. தெறிப்பில்லாத பொறி என்று இதைச் சொல்லலாம்.

1930-இல் கால்வினின் ஆட்கள் ஒவ்வொரு ப்ளக்காகத் தேடித் தடை செருகினார்கள். இப்போது சில நிறுவனங்கள் வேறு மருந்து கண்டன: காதையே எடுத்துவிட்டன. பி.எம்.டபிள்யூவின் ஐ3 மின்கார் 2014-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அதில் மத்திய அலை இல்லை. 2023 மார்ச்சில் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் மார்க்கி வெளியிட்ட தகவலின்படி, விசாரிக்கப்பட்ட இருபது நிறுவனங்களில் எட்டு, தம் மின்கார்களிலிருந்து அதை நீக்கியிருந்தன. ஃபோர்டு ஒருபடி மேலே போய்ப் பெரும்பாலான புதிய கார்களிலிருந்தே நீக்க முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததும் 2023 மே மாதம் அம்முடிவைக் கைவிட்டது. எல்லாக் கார்களிலும் மத்திய அலை வானொலி இருக்க வேண்டும் என்ற சட்ட முன்வரைவும் அதே மாதம் முன்வைக்கப்பட்டது. புயலிலும் காட்டுத்தீயிலும் கைப்பேசிக் கோபுரங்கள் சாய்ந்தபின் எஞ்சி ஒலிப்பவை மத்திய அலை நிலையங்களே என்பது அதை ஆதரித்தவர்களின் வாதம். அமெரிக்காவின் பேரிடர் அறிவிப்புக்கென வலுப்படுத்தப்பட்ட 77 வானொலி நிலையங்களில் மிகப்பல அவ்வகையைச் சேர்ந்தவை.

இரைச்சலடக்கும் தொழில்நுட்பம் இல்லாமல் இது நேரவில்லை. மற்ற நிறுவனங்கள் பலவும் தம் கார்களில் அந்த வானொலியை வைத்திருந்தனவே! கம்பிகளுக்கு உறையும் வடிப்பானும் போடுவதற்குச் செலவும் எடையும் கூடும், அவ்வளவுதான். 1952-இன் விதி, பொறியின் உரிமையாளரை நோக்கி ‘நீ அடக்கு’ என்றது. செவியை நீக்கிய முடிவோ, கேட்பவரை நோக்கி ‘நீ கேட்காதே’ என்கிறது. இரண்டிலும் காருக்குள் அமைதி கிடைக்கிறது. இரண்டும் ஒரே அமைதி அல்ல. காட்டுப்பாதையில், கைப்பேசி இயங்காத இரவொன்றில், வெள்ளம் எந்தப் பாலத்தை எடுத்துப்போயிற்று என்று அறிய விரும்புகிறவருக்கு அந்த வேறுபாடு புரியும்.

இரைச்சலற்ற வான்வெளி, குளத்துநீர்போலப் பொதுச்சொத்து. அதைக் காத்துவைத்திருக்கும் இடமொன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. க்ரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியைச் சுற்றி 1958-இல் அறிவிக்கப்பட்ட அமைதி வலயத்தின் பரப்பு ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர். தொலைநோக்கிக்கு மிக அருகில் டீசல் வண்டிகளையே ஓட்டுகிறார்கள். டீசல் இயந்திரம் எரிபொருளை அழுத்தத்தால் பற்றவைப்பது. அதற்குப் பொறி வேண்டாம். நள்ளிரவுக்குக் காத்திருந்து விண்ணைக் கேட்ட க்ரோட் ரெபரின் கிண்ணமும் இன்று அந்த வளாகத்தில்தான் நிற்கிறது.